சாந்தலா தேவி: மலை சொல்லும் கதையும் கல் சொல்லும் செய்தியும்

பெங்களூரில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுள், சிவகங்கை மலைக்கு ஒரு முறையேனும் சென்று வராதவை மிகச் சிலவே இருக்கும். சிவகங்கை என்றதும் நம்முள் தென்பாண்டிச் சீமையினருக்கு வேலு நாச்சியாரின் நினைவு வரும். நாம் இங்கே குறிப்பது அந்தச் சிவகங்கையை அன்று. பெங்களூரிலிருந்து தும்கூர்ச் சாலையில் சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், தாபஸ்பேட்டைக்கு அருகே தனித்து எழுந்து நிற்கும் கருங்கல் மலை இது. ஒரு திசையிலிருந்து நோக்கினால் நந்தியைப் போலவும், வேறு திசைகளிலிருந்து பிள்ளையாராகவும், இலிங்கமாகவும், படமெடுத்த நாகமாகவும் தோன்றும் என்பர். குகையினுள் கங்காதரேசுவரர் எழுந்தருளியிருக்கிறார். அவர் திருமேனியில் சாத்தும் நெய் வெண்ணெயாக மாறும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

மலையுச்சிக்கு ஏறியவர்களுக்கு வழிகாட்டிகள் தவறாமல் ஓர் இடத்தைக் காட்டுவார்கள். செங்குத்தாக இறங்கும் பாறையின் விளிம்பு அது. "போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலா தேவி குதித்து உயிர் நீத்தது இங்கேதான்" என்று சொல்லி, அதற்குரிய கதையையும் கூறுவார்கள்.

கதை இதுதான். சாந்தலா தேவிக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. நாட்டுக்கு வாரிசு வேண்டும் என்பதற்காகத் தன் தங்கை இலக்குமியை மணந்துகொள்ளுமாறு கணவனை வேண்டினாள். அரசனோ, உன்னையன்றி வேறொருத்தியைத் தீண்டேன் என்று மறுத்துவிட்டான். தான் உயிரோடு இருக்கும்வரை அவன் இசைய மாட்டான் என்று உணர்ந்த அரசி, மலை மீதிருந்து குதித்து மாண்டாள்.

நம் குடும்பங்கள் சில ஒரு முறை அங்கே சென்றிருந்தபோது, இக்கதையைக் கேட்ட முதிய அம்மையார் ஒருவர், "பத்தினி என்றால் அவளல்லவா பத்தினி!" என்று கைகூப்பினார். அவர் அருகே நின்றிருந்த இளம்பெண் ஒருத்திக்கு மணமாகி எட்டு ஆண்டுகள், குழந்தை இல்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. விளிம்பை விட்டு நகர்ந்து, பாறையில் தனியே போய் அமர்ந்துகொண்டாள். அம்மையார் அவளை நினைத்து அதைச் சொல்லவில்லை என்பது உண்மையே. ஆயினும் 900 ஆண்டுகளுக்கு முந்திய ஓர் அரசியின் புகழ் இன்றைய பெண் ஒருத்தியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அந்தப் புகழ் மெய்யானதுதானா என்று ஆராயும் எண்ணம் நமக்கு எழுந்தது அன்றுதான்.

சாந்தலா தேவி கற்பனைப் பாத்திரம் அல்லள். அவளைப் பற்றிய கல்வெட்டுகள் உள்ளன. சிரவணபெளகொளாவில் உள்ளவற்றைத் தொகுத்து, 1889-ஆம் ஆண்டிலேயே இதே பெங்களூரில் அச்சிட்டவர் லூயிஸ் ரைஸ் என்னும் அறிஞர். பின்னர் இரா. நரசிம்மாச்சாரியார் அத்தொகுதியை விரிவாகத் திருத்தி 1923-இல் வெளியிட்டார். ஆகவே கதை ஒரு பக்கமும் கல் ஒரு பக்கமுமாக வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அரிய செயல் அன்று.

போசளர் என்போர் தமிழர்களுக்கு அயலாரும் அல்லர். விஷ்ணுவர்த்தனனின் படை, 1116-ஆம் ஆண்டளவில் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றியது. 'தலைக்காடு கொண்டான்' என்னும் பட்டம் அவனுக்கு அதனாலேயே வந்தது. திருவரங்கத்தை விட்டு மேல்கோட்டைக்கு வந்த இராமாநுசருக்கு அடைக்கலம் தந்தவனாக வைணவ மரபு போற்றுவதும் அவனையே. அவன் வழிவந்தோர் பின்னாளில் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் தலைநகர் அமைத்துத் தமிழகத்தின் ஒரு பகுதியையும் ஆண்டனர். நம் பெங்களூரிலேயே, தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில், போசளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம்.

இனி, அரசியைப் பற்றிய செய்திகளைப் பார்ப்போம். அவள் தந்தை மாரசிங்கய்யன் சைவர். தாய் மாசிகப்பை சமணர். மகள் தாயின் சமயத்தைத் தழுவி, பிரபாசந்திர சித்தாந்த தேவர் என்னும் சமண ஆசிரியரைக் குருவாகக் கொண்டாள். கணவனோ வைணவத்தைச் சார்ந்தவனாகப் புகழ் பெற்றான். ஒரே குடும்பத்தில் மூன்று சமயங்கள்!

1117-ஆம் ஆண்டில் விஷ்ணுவர்த்தனன் பேலூரில் சென்னகேசவப் பெருமாளை எழுந்தருளுவித்தான். அதே வளாகத்தில், பெரிய கோயிலுக்குத் தெற்கே, அளவில் சிறிய கோயில் ஒன்று உண்டு. கப்பெ சென்னிகராயர் கோயில் என்பது அதன் பெயர். அதனைக் கட்டுவித்தவள் சாந்தலா தேவி; ஆண்டு அதே 1117. சமணப் பெண்மணி ஒருத்தி திருமாலுக்கு எடுத்த கோயில் அது. பேலூருக்குச் செல்லும் நம்மவர் கண்ணாடி பார்க்கும் சிலைமடந்தையைக் காட்டி, "இவள்தான் சாந்தலை" என்று பேசிக் களிப்பதுண்டு. அவள் பெயரைத் தாங்கிய கோயில் பக்கத்திலேயே இருக்க, அதனுள் நுழைந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

ஹளேபீட்டிற்குச் சென்றால், ஒன்றோடொன்று இணைந்த இரு சிவன் சன்னிதிகளைக் காண்கிறோம். ஒன்றில் உறையும் இறைவன் அரசன் பெயரால் போசளேசுவரர். மற்றொன்றில் உறைபவர் அரசி பெயரால் சாந்தலேசுவரர். பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்களின் போசளக் கோயில்களும் 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

1123-ஆம் ஆண்டில் அவள் தன் சொந்தச் சமயத்திற்குச் செய்த பெரும்பணி சிரவணபெளகொளாவில் உள்ளது. கோமடேசுவரர் நிற்கும் பெருமலைக்கு எதிரேயுள்ள சந்திரகிரி என்னும் சிறுமலையில், சாந்திநாத தீர்த்தங்கரருக்கு அவள் ஒரு பசதி, அதாவது சமணக் கோயில், எடுப்பித்து, வழிபாட்டிற்கு ஓர் ஊரையும் கொடையாக அளித்தாள். அப்பசதியின் பெயர் 'சவதி கந்தவாரண பசதி'. சவதி என்னும் கன்னடச் சொல்லுக்குச் சக்களத்தி என்பது பொருள். கந்தவாரணம் என்பது மதயானை. 'சக்களத்தியருக்கு மதயானை போன்றவள்' என்பது அரசியின் விருதுப்பெயர். அதனையே கோயிலுக்கும் சூட்டினார்கள்.

இந்தப் பெயரை எண்ணிப் பார்க்க வேண்டும். உன்னையன்றி வேறொருத்தியை நாடேன் என்று மறுத்த கணவனைக் கதை நமக்குக் காட்டுகிறது. ஆனால் அவள் இறப்பதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கோயிலின் பெயரில் சக்களத்தியர் இருக்கின்றனர். அவர்களை அடக்கி நின்றவள் என்பதே அவள் பெற்ற பெருமை. விருதுப்பெயர்களில் புலவரின் மிகைக்கும் இடமுண்டு; எனினும், சக்களத்தியே இல்லாத அரசிக்கு இப்படியொரு பட்டம் பொருந்துமா? தங்கைக்கு வழிவிட்டு ஒதுங்கிய மெல்லியலாள் ஒருத்தியை இப்பெயரினுள் தேடினாலும் காண முடியவில்லை.

கல்வெட்டுகள் அவளுக்குத் தரும் பிற பட்டங்களும் நோக்கத்தக்கவை. இசையில் கலைமகள் என்கின்றன. ஆடற்கலையில் முடிமணி என்கின்றன. உடனுக்குடன் விடை கூறுவதில் வியாழபகவானுக்கு நிகர் என்கின்றன. எல்லாச் சமயங்களையும் காக்கும் மணி என்கின்றன. கணவனிடம் அவள் கொண்ட அன்பையும் பாராட்டுகின்றன. ஆனால் அது பல பெருமைகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. கதையிலோ அஃது ஒன்றே எஞ்சி, மற்றவை யாவும் மறைந்துவிட்டன.

எல்லாச் சமயங்களையும் காத்தாள் என்பதில் நமக்கு வியப்புத் தோன்ற வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், இராசராச சோழனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார் சிவநெறியினராக இருந்துகொண்டே, இன்று தாதாபுரம் என வழங்கும் ஊரில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணப் பெருமானுக்கும் கோயில்கள் எடுப்பித்தார். குந்தவையைக் கல்கி அவர்களின் புதினத்தின் வாயிலாக அறிந்தவரே நம்மில் மிகுதி. தாதாபுரத்தைப் பற்றி அறிந்தவர் சிலரே. கதையின் ஒளி படிந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, கல்லில் எழுதிய இடத்தைக் காணாமல் கடந்துவிடும் குறை நம்மிடமும் உண்டு.

இனி அவள் மறைவைப் பற்றிய செய்தி. அதனைச் சொல்லும் கல்வெட்டும் சிரவணபெளகொளாவிலேயே உள்ளது. 1131-ஆம் ஆண்டில், சிவகங்கைத் தீர்த்தத்தில் சாந்தலா தேவி வாழ்வை முடித்து விண்ணுலகு எய்தினாள் என்பது அது கூறும் செய்தி. ஆகவே சிவகங்கை என்னும் இடம் பொய்யன்று. மலையும் அரசியும் மெய்யாகவே தொடர்புடையவர்கள். ஆனால் குதித்தாள் என்று கல் சொல்லவில்லை. பாறை என்றோ, விளிம்பு என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை. பிள்ளையில்லாக் குறையையும் அது பேசவில்லை.

'முடிபி' என்பது அங்கே வரும் சொல். நம் 'முடி' என்னும் வினைக்கு உறவான இந்தச் சொல், சிரவணபெளகொளாவின் மிகப் பழைய கல்வெட்டுகளில், நோன்பிருந்து உயிர் துறந்த சமணத் துறவியரைக் குறிக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. சல்லேகனை எனப்படும் அந்நோன்பு தமிழருக்குப் புதிதன்று. செஞ்சிக்கு அருகேயுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து மறைந்ததைப் பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று குறிக்கிறது. சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும் நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம்.

அரசியின் மறைவைச் சுருங்கச் சொன்ன அதே கல், அவள் தாய் மாசிகப்பையின் முடிவை விரித்துரைக்கிறது. மகள் விண்ணுலகு சென்றபின் தான் இங்கே இருத்தல் இயலாது என்று கூறி, தாய் சிரவணபெளகொளாவிற்கு வந்தாள், சுற்றத்தாரிடம் விடைபெற்றாள், கண்களைப் பாதி மூடி, மந்திரம் ஓதி, ஒரு திங்கள் நோன்பிருந்து உயிர் நீத்தாள். மகளை இழந்த தாயின் துயரத்தை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மால் உணர முடிகிறது. மலையுச்சிக் கதையிலோ இத்தாய்க்கு இடமே இல்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழலாம். தாயின் நோன்பை இவ்வளவு விரித்துச் சொன்னவர்கள், அரசியும் நோன்பிருந்திருந்தால் அதனை ஏன் சுருக்கினார்கள்? அது திடீரென நேர்ந்த முடிவாக இருக்கலாம் அன்றோ? இருக்கலாம். தீர்த்த யாத்திரை வந்த இடத்தில் நோயுற்று மறைந்திருக்கவும் கூடும். ஆகையால் நோன்புதான் என்று நாம் அடித்துப் பேசவில்லை. ஆனால் குதித்தாள் என்று கொள்வதற்கு மட்டும் பெரிய தடை ஒன்று உண்டு. அவள் சமயமே அந்தத் தடை.

சமண இல்லறத்தார்க்கு ஒழுக்கம் கூறும் நூல்களுள் தலையாயது, சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம். நம் தமிழில் உள்ள அருங்கலச்செப்பு அதனைத் தழுவி எழுந்ததே. மலையிலிருந்து விழுந்தால் புண்ணியம் உண்டு என்று எண்ணுவதை உலகோரின் மூடநம்பிக்கைகளுள் ஒன்றாக அந்நூல் எண்ணுகிறது. தீயில் வீழ்வதையும் அவ்வாறே கடிகிறது. சல்லேகனைக்கும் அது வரையறை வகுக்கிறது. தவிர்க்க முடியாத இடர், பஞ்சம், முதுமை, தீராப் பிணி ஆகியவை வந்துற்றபோது, பற்றுகளை அறவே விட்டு மேற்கொள்வதே அந்நோன்பு. சாவை விரும்பி மேற்கொள்வதும் குற்றமே. அவ்வாறிருக்க, சித்தாந்த தேவரின் மாணவியாகிய ஓர் அரசி, கணவன் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்னும் உலகப்பற்றின் பொருட்டு மலையிலிருந்து வீழ்ந்தாள் என்றால், அது அவள் வாழ்நாள் முழுதும் போற்றிய அறத்திற்கே மாறானது. சமணர் அக்குற்றத்தைச் சிரவணபெளகொளாவில் கல்லில் பொறித்துப் போற்றியிருப்பார்களா?

அப்படியாயின் இக்கதை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண ஹளேபீட்டின் வேறொரு கோயில் உதவுகிறது. படைத்தலைவன் கங்கராசனின் மகன் பொப்பன், தந்தையின் நினைவாக 1133-இல் அங்கே பார்சுவநாதர் பசதியை எடுப்பித்தான். கோயிற் பிரசாதத்தைப் பூசகர்கள் பங்காபுரத்தில் தங்கியிருந்த அரசனிடம் கொண்டு சென்றனர். அப்போதுதான் அரசன் போர் ஒன்றில் வெற்றி பெற்றிருந்தான். இலக்குமிதேவிக்கு ஆண்மகவும் பிறந்திருந்தது. அகமகிழ்ந்த அரசன் அவ்விறைவனுக்கு விசயபார்சுவர் என்றும், மகனுக்கு விசயநரசிம்மன் என்றும் பெயரிட்டான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சமணத்தை அடியோடு வெறுத்தவனாகச் சிலர் சித்திரிக்கும் அரசன், சமணப் பிரசாதத்தைப் பணிந்து ஏற்ற செய்தியையும் இதனால் அறிகிறோம்.

1131-இல் சாந்தலை மறைந்தாள். 1133-இல் இலக்குமி மகனைப் பெற்றாள். அம்மகனே பின்னர் அரசனானான். இவ்விரண்டும் உண்மை. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிற்காலத்தார், இதனால்தான் அது என்று முடிச்சிட்டனர் போலும். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததைக் கொண்டு, ஒன்றுக்காக ஒன்று நிகழ்ந்தது என்று கொள்ளும் இயல்பு நம் எல்லாரிடமும் உள்ளதே. நம் காலத்தில் கன்னடப் புதினங்களும் அரசியின் பெயரை வீடுதோறும் பரப்பின. பெங்களூரில் உடற்பயிற்சிக் கலையை வளர்த்த கே.வி. ஐயர் 'சாந்தலா' எழுதினார். சி.கே. நாகராஜராவ் எழுதிய 'பட்டமகாதேவி சாந்தலா தேவி' 1983-ஆம் ஆண்டின் மூர்த்திதேவி விருதைப் பெற்றது. புதினம் எழுதுவோர்க்குக் கற்பனை உரிமை உண்டு. அவற்றைப் படித்து மகிழ்வதோடு நில்லாமல், கற்பனையை வரலாறாகக் கொள்ளுதல் படிப்போர் குற்றமே.

மலையடிவாரத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை இகழ்வது நம் நோக்கம் அன்று. அரசர் பலருடைய பெயர்களை உலகம் மறந்துவிட்டது. இந்த அரசியின் பெயரை ஒரு பாறை விளிம்பில் வைத்தேனும் காத்துத் தந்தவர்கள் அம்மக்கள். அவர்கள் அன்பிற்கு நாம் நன்றி கூற வேண்டும். ஆனால் அன்பினால் சொன்ன கதையும் தீங்கு செய்யக்கூடும். பிள்ளை பெறாத பெண் தன் இடத்தைக் காலி செய்து கொடுப்பதே பெருந்தன்மை என்னும் பாடம் அதனுள் பொதிந்து கிடக்கிறது. மலட்டுத்தன்மைக்குக் காரணம் ஆணிடமும் இருக்கக்கூடும் என்று மருத்துவம் தெளிவாகக் கூறும் இக்காலத்திலும், பெண்ணையே நோக்கும் கண்கள் நம் சமூகத்தில் குறையவில்லை. திருமண வீட்டிலும் வளைகாப்பிலும் அக்கண்களைச் சந்தித்த பெண்கள் நம்மிடையே உள்ளனர். தாய்வீட்டை விட்டுத் தொலைவில், மொழி வேறான ஊரில் வாழும் பெண்ணுக்கு அந்தப் பார்வையின் சுமை இருமடங்கு. அவளுக்கு நாம் முன்மாதிரியாகக் காட்டுவது ஒரு பள்ளத்தாக்காகவா இருக்க வேண்டும்?

அடுத்த முறை சிவகங்கைக்குச் செல்லும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். விளிம்பைக் காட்டிக் கதை சொல்பவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு நம் பிள்ளைகளிடம், இவள் திருமாலுக்குக் கோயில் கட்டிய சமணப்பெண் என்றும், ஆடலும் பாடலும் அறிந்தவள் என்றும், சக்களத்தியருக்கு அஞ்சாதவள் என்றும், அவள் எடுப்பித்த பசதி சந்திரகிரியில் இன்றும் நிற்கிறது என்றும் எடுத்துச் சொல்லலாம். வேறொரு விடுமுறையில் அவர்களை அங்கேயும் அழைத்துச் செல்லலாம். சிரவணபெளகொளா நம் ஊரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவுதான். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

அன்று மலையில் தனியே அமர்ந்திருந்த பெண்ணிடம் நாம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை; சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரையை அவளும் படிப்பாள் என்று நம்புகிறோம்.